சமன்பாடும் சமனின்மையும்: தேயிலை மண்ணின் இரசாயனக் கணக்கு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1. தோற்றுவாய்

இரசாயனச் சமன்பாடு ஒன்றினைச் சமப்படுத்தி, அதன் குணகங்களிலிருந்து தாக்கிகளுக்கும் விளைவுகளுக்கும் இடையேயுள்ள மூல் விகிதத்தைக் காண்பது உயர்தர இரசாயனத்தின் வாயிற்படி எனக் கொள்ளப்படும் பயிற்சியாகும். தமிழ் ஆய்விதழொன்றிலே, அதுவும் இலக்கிய மாணவராகிய நாம், அதனை எடுத்துப் பேசுவது சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். ஆயின் அறிவியற் கருத்து எதுவும் வரலாற்றுக்குப் புறம்பாகப் பிறப்பதில்லை. வரலாற்றுக்குப் புறம்பாகப் பயன்படுவதுமில்லை. எவருடைய கையில் எந்தத் தேவைக்காக ஒரு கணிப்பு முறை உருவாயிற்று, எவருக்கு அது கற்பிக்கப்பட்டது, எவருக்கு மறுக்கப்பட்டது என்னும் வினாக்கள் சமூக வரலாற்றுக்கு உரியவை.

இவ்வினாக்களை நாம் டயகமவில் வைத்து எழுப்ப விரும்புகின்றோம். நுவரெலியா மாவட்டத்தில், அக்கரப்பத்தனையைக் கடந்து, ஹோட்டன் சமவெளியின் அடிவாரத்தை அணைந்து கிடக்கும் உயர்நிலத் தேயிலைப் பிரதேசம் அது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளின் தலைநீர்கள் தோன்றும் மேட்டுநிலத்தின் ஓரத்தில் அது அமைந்துள்ளது. அங்கே ஒரு மலையில் பசளை மூடையைச் சுமந்து ஏறும் தொழிலாளியின் தோளில், அவர் அறியாமலே, ஒரு மூல் விகிதமும் ஏறிச் செல்கின்றது. அவ்விகிதத்தின் வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

2. விகிதம் என்னும் கருத்தின் வளர்ச்சி

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலே, ஐரோப்பியக் கைத்தொழில் விரிவுபெற்று வந்த வேளையில், இரசாயனம் தராசின் துணைகொண்டு அளவியல் விஞ்ஞானமாக மாறிற்று. 1789இல் லவோசியே வெளியிட்ட நூல் திணிவுக் காப்பினை அடிப்படை விதியாக நிறுத்தியது: தாக்கத்தின் முன்னும் பின்னும் பொருளின் மொத்த அளவு மாறுவதில்லை. 1792இல் செருமானியரான ரிக்ற்றர், அமிலங்களும் மூலங்களும் ஒன்றையொன்று நடுநிலையாக்கும் நிறைகளை அளந்து அட்டவணைப்படுத்தத் தொடங்கினார். பீசமானம் என இன்று நாம் வழங்கும் துறைக்குப் பெயரிட்டவரும் அவரே. அமிலத்தை நடுநிலையாக்க எவ்வளவு மூலம் வேண்டும் என்னும் அவரது வினாவே, பின்னர் காண்பது போல, தேயிலை மண்ணின் வினாவுமாகும்.

தால்ற்றன் 1808இல் அணுக்கொள்கையையும், அவகாதரோ 1811இல் சம கனவளவு வாயுக்களில் சம எண்ணிக்கையான மூலக்கூறுகள் உள்ளன என்னும் கருதுகோளையும் முன்வைத்தனர். எனினும் அணுத்திணிவுகள் பற்றிய குழப்பம் ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்தது. 1860இல் காள்சுரூ நகரில் கூடிய மாநாட்டின் பின்னரே, கனிசாரோவின் விளக்கத்தின் பயனாக, அது தெளிவுறத் தொடங்கியது. மூல் என்னும் சொல் அந்நூற்றாண்டின் இறுதியில் ஒசுவால்ட்டினால் வழக்கிற் கொணரப்பட்டது. 1971இல் அது சர்வதேச அலகு முறையின் ஏழாவது அடிப்படை அலகாயிற்று. 2019 முதல் ஒரு மூல் என்பது 6.02214076 × 10²³ துணிக்கைகள் என வரையறுக்கப்பட்டுள்ளது.

முறையைச் சுருங்கக் கூறுவோம். முதலில் தாக்கிகளையும் விளைவுகளையும் சரியான சூத்திரங்களால் எழுதவேண்டும். பின்பு ஒவ்வொரு மூலகத்தின் அணுக்களும் இருபக்கமும் சமனாகுமாறு குணகங்களை இடவேண்டும், சூத்திரங்களை மாற்றலாகாது. அவ்வாறு பெற்ற குணகங்களே மூல் விகிதம். நைதரசனும் ஐதரசனும் சேர்ந்து அமோனியாவாகும் தாக்கத்தில், நைதரசன் மூலக்கூறு ஒன்றில் இரண்டு அணுக்கள். அமோனியா மூலக்கூறு ஒன்றில் நைதரசன் ஒன்று, ஐதரசன் மூன்று. எனவே:

நைதரசன் 1 மூல் + ஐதரசன் 3 மூல் → அமோனியா 2 மூல்

விகிதம் 1:3:2. மாணவர் பெரும்பாலும் தவறுவது இதன் அடுத்த படியிலாகும். 1:3 என்பது நிறை விகிதமன்று, எண்ணிக்கை விகிதம். நிறை வேண்டின் ஒவ்வொன்றையும் அதன் மூலர்த்திணிவாற் பெருக்கவேண்டும்: 28 கிராம் நைதரசனுக்கு 6 கிராம் ஐதரசன், விளைவது 34 கிராம் அமோனியா. மூல்களின் தொகை நான்கிலிருந்து இரண்டாகக் குறைந்தது; நிறையோ குறையவில்லை. ஹேபர் 1909இல் ஆய்வுகூடத்தில் நிகழ்த்திக்காட்டியதும், 1913இல் ஒப்பாவு நகரில் பேராலையாக எழுந்ததும் இச்சமன்பாடே. உலகத்தின் நைதரசப் பசளையும் முதலாம் உலகப் போரின் வெடிமருந்தும் ஒரே விகிதத்திலிருந்து பிறந்தன என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

3. கோப்பி மண்ணும் தேயிலை மண்ணும்

இலங்கையின் மத்திய மலைநாட்டிலே காடழித்துக் கோப்பி பயிரிட்ட முதலாளித்துவம், தொடக்கத்தில் மண்ணைத் தீராத சேமிப்பாகவே கருதியது. காட்டு மண்ணின் இயல்பான வளம் சில அறுவடைகளில் தேய்ந்தபோது எலும்பும் ஆமணக்குப் புண்ணாக்கும் மாட்டெருவும் தேடப்பட்டன. 1840இல் லீபிக் வெளியிட்ட விவசாய இரசாயன நூல், பயிர் மண்ணிலிருந்து கொண்டுசெல்லும் கனிப்பொருட்களை மீள அளிக்காவிடின் மண் வறிதாகும் என நிறுவியிருந்தது. 1842இல் இங்கிலாந்தில் லோசு என்பார் கல்சியம் பொசுபேற்றைச் சல்பூரிக்கமிலத்தோடு தாக்கமுறச் செய்து சுப்பர்பொசுபேற்று ஆக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். அதன் விகிதம் இது:

கல்சியம் பொசுபேற்று 1 மூல் + சல்பூரிக்கமிலம் 2 மூல் → கல்சியம் இருஐதரசன் பொசுபேற்று 1 மூல் + கல்சியம் சல்பேற்று 2 மூல்

லீபிக்கின் நூல்களை ஊன்றிக் கற்றவர்களில் மார்க்சு முதன்மையானவர். 1867இல் வெளிவந்த மூலதனத்தின் முதற்பாகத்தில், முதலாளித்துவ விவசாயத்தின் முன்னேற்றம் தொழிலாளியைச் சுரண்டுவதில் மட்டுமன்றி மண்ணைச் சுரண்டுவதிலும் பெற்ற முன்னேற்றமே என்னும் கருத்தை அவர் நிறுவினார். அதே ஆண்டில் இலங்கையில் லூல்கந்துரைத் தோட்டத்திலே ஜேம்ஸ் ரெயிலர் 19 ஏக்கரில் வணிக நோக்கிலான தேயிலையை நாட்டினார். ஒன்று இலண்டன் நூலகத்தில் உருவான சிந்தனை. மற்றது கண்டி மலையில் நட்ட செடி. இரண்டும் ஒரே வரலாற்றின் இரு முனைகள். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை வீழ்த்த, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பருவகாலத்துக்கு வந்து மீண்ட தென்னிந்தியத் தொழிலாளர், ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டியவராய் லயன்களிலே நிலைகொண்டனர்.

தேயிலையின் இயல்பு இங்கு முக்கியமானது. நெல்லிலே கதிரை, கோப்பியிலே கனியைக் கொள்ளுகின்றோம். தேயிலையிலோ செடியின் இளந்தளிரையே ஆண்டு முழுவதும் கொய்கின்றோம்; நைதரசன் செறிந்திருப்பதும் அத்தளிரிலேயே. ஆகவே தேயிலை நைதரசனை இடையறாது ஏற்றுமதி செய்யும் பயிராகும். இப்பயிரின் தேவைக்காகவே 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டு, பின்னர் தலவாக்கலையிலுள்ள சென்கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்றது. அங்கு உருவான அறிவு மதிப்பு வாய்ந்தது; அதனை மறுப்பது வரலாற்றுக்குத் துரோகம். ஆனால் அவ்வறிவு துரையின் அலுவலகத்துக்குச் சுற்றறிக்கையாகச் சென்றது. மலைக்கோ மூடையாக மட்டுமே வந்தது.

4. ஒரு நாட்கொழுந்தின் கணக்கு

இனி டயகமவின் மலையொன்றில் நின்று கணக்கிடுவோம். தொழிலாளப் பெண் ஒருவர் ஒரு நாளில் 18 கிலோ பச்சைக் கொழுந்து எடுக்கின்றார் எனக் கொள்வோம். ஏறத்தாழ 4½ கிலோ கொழுந்து 1 கிலோ தேயிலைத் தூளாகும். எனவே அவர் எடுத்தது 4 கிலோத் தூள். தூளின் நிறையில் நூற்றுக்கு நான்கு பங்கு நைதரசன் எனக் குறைத்தே கொண்டாலும், ஒரு நாளில் அவரது கூடை வழியாக மண்ணை விட்டு வெளியேறும் நைதரசன் 160 கிராம்.

இதனை அமோனியம் சல்பேற்றினால் ஈடுசெய்ய வேண்டுமாயின் எவ்வளவு வேண்டும்? அதன் மூலர்த்திணிவு 132. அதில் நைதரசன் 28. 160ஐ 28ஆல் வகுக்க 5.7 மூல். அதனை 132ஆற் பெருக்க ஏறத்தாழ 754 கிராம். யூரியாவாயின் மூலர்த்திணிவு 60. அதிலும் நைதரசன் 28. ஆகவே அதே 5.7 மூலுக்கு 343 கிராம் போதும். பசளை முழுவதையும் செடி பற்றுவதில்லை. மழை கழுவிச் செல்வதும் காற்றிற் கலப்பதும் உண்டு. கவ்வாத்துக் கிளைகளும் இலைச்சருகும் தம்மளவில் ஓரளவு மீள அளிக்கின்றன. எனவே இத்தொகைகள் தோட்டத்துக்குரிய சிபாரிசு அல்ல. விகிதத்தின் எலும்புக்கூடு மட்டுமே.

கணக்கு இத்துடன் முடிவதில்லை. அமோனியம் சல்பேற்று மண்ணிலுள்ள பற்றீரியங்களால் ஒட்சியேற்றப்படுகையில் நிகழ்வது இது:

அமோனியம் சல்பேற்று 1 மூல் + ஒட்சிசன் 4 மூல் → நைத்திரிக்கமிலம் 2 மூல் + சல்பூரிக்கமிலம் 1 மூல் + நீர் 2 மூல்

சமன் செய்து பார்ப்போம். இடப்பக்கத்தில் நைதரசன் 2, ஐதரசன் 8, கந்தகம் 1, ஒட்சிசன் 12. வலப்பக்கத்திலும் அவ்வாறே. நைத்திரிக்கமிலம் மூலொன்றுக்கு ஓர் ஐதரசன் அயனையும், சல்பூரிக்கமிலம் இரண்டையும் தரும். ஆக 1 மூல் பசளைக்கு 4 மூல் ஐதரசன் அயன். யூரியாவின் சமன்பாடோ வேறு:

யூரியா 1 மூல் + ஒட்சிசன் 4 மூல் → நைத்திரிக்கமிலம் 2 மூல் + காபனீரொட்சைட்டு 1 மூல் + நீர் 1 மூல்

இங்கு 2 மூல் ஐதரசன் அயன் மட்டுமே. ஒரே 28 கிராம் நைதரசனைத் தந்த இரு பசளைகளில் ஒன்று மற்றதைப் போல இருமடங்கு அமிலத்தை மண்ணில் இடவல்லது. இவ்வுண்மை மூடையின் மேலே எழுதப்பட்டிருப்பதில்லை. சமன்பாட்டின் குணகங்களிலேயே எழுதப்பட்டிருக்கின்றது.

இவ்வமிலத்தை நடுநிலையாக்கவே தோட்டங்களில் கவ்வாத்துச் சுழற்சியோடு இணைத்து டொலமைற்று இடுகின்றனர். திகன, மாத்தளைப் பகுதிகளிலே உள்நாட்டிற் கிடைக்கும் பாறை அது. கல்சியமும் மகனீசியமும் கலந்த காபனேற்றாகிய அதன் 1 மூல் 4 மூல் ஐதரசன் அயனை நடுநிலையாக்கும். ஆகவே எல்லை நிலையில், அமோனியம் சல்பேற்று 1 மூலுக்கு டொலமைற்று 1 மூல். யூரியா 1 மூலுக்கு அதன் அரை மூல். நிறையிற் கூறின், 132 கிலோ அமோனியம் சல்பேற்றுக்கு 184 கிலோவும், 60 கிலோ யூரியாவுக்கு 92 கிலோவும் ஆகும். வேர்கள் நைத்திரேற்றைப் பற்றும்போது அமிலத்தில் ஒரு பகுதி தணிவதால் நடைமுறைத் தேவை இதனிற் குறைவு. தேயிலையும் அமில மண்ணை விரும்பும் பயிர், மண்ணின் பீ.எச். 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருப்பதே அதற்கு உகந்தது. எனினும் அவ்வெல்லைக்குக் கீழே மண் வீழ்ந்தால், இட்ட பசளையும் பயனற்றுப் போகும். பசளைக்குச் செலவிட்டு டொலமைற்றுக்குச் செலவிடாது விடும் நிருவாகம், இவ்வாண்டு இலாபத்தை அடுத்த தலைமுறையின் மண்ணிலிருந்து கடன்வாங்குகின்றது.

5. உழைப்புச் சந்தையின் சமன்பாடு

மூலதனத்தின் முதற்பாகத்தில், பெறுமதியின் வடிவத்தை விளக்கும்போது மார்க்சு இரசாயன உதாரணம் ஒன்றைக் கையாளுகின்றார். பியூற்றிரிக்கமிலமும் புரொப்பைல் போமேற்றும் வெவ்வேறு பொருட்கள். ஆயினும் காபன், ஐதரசன், ஒட்சிசன் ஆகியவற்றால் ஒரே வீதத்தில் அமைந்தவை. வடிவத்தில் வேறுபட்டவற்றினுள்ளே பொதுவான ஒன்று உறைகின்றது என்பதை உணர்த்தவே அவர் அதனை எடுத்தார். மான்செஸ்ரரிலிருந்த இரசாயனவியலாளரான கார்ல் சோலமர் அவருக்கும் ஏங்கல்சுக்கும் நெருங்கிய தோழராயிருந்தார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

ஆயின் இவ்வொப்புமையை அளவுக்கு மீறி இழுத்தல் தகாது. இரசாயனச் சமன்பாட்டில் இருபக்கமும் மெய்யாகவே சமன். ஓர் அணுவும் மறைவதில்லை. கூலிக்கும் உழைப்புச் சக்திக்கும் இடையேயான பரிவர்த்தனையோ சந்தையில் சமனாகத் தோன்றி, உற்பத்தியிலே சமனின்மையைப் பிறப்பிப்பது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஆண், பெண், சிறுவர் எனத் தொழிலாளருக்கு வேறுவேறு வீதங்களை வகுத்தது. அதே கொழுந்து, அதே மலை; ஆனால் பெண்ணின் நாட்கூலி ஆணின் நாட்கூலிக்குச் சமனாவதற்கு 1984ஆம் ஆண்டின் வேலைநிறுத்தம் வேண்டியிருந்தது. குணகங்களை இயற்கை இடவில்லை. வர்க்கப் போராட்டம் இட்டது.

மலையக இலக்கியத்திலே தேயிலைக்கு உரமாகிப்போன மூதாதையர் என்னும் படிமம் மீண்டும் மீண்டும் வரக் காண்கின்றோம். அதன் உணர்ச்சி வலிமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் படிமம் நின்றுவிடும் இடத்திலிருந்து ஆய்வு தொடங்கவேண்டும். 160 கிராம் நைதரசன் மண்ணிலிருந்து போயிற்று என்று அலுவலகம் எழுதி வைத்தது. அதற்கு ஈடும் இட்டது. அதே நாளில் உழைப்பாளியின் உடலிலிருந்து போனவற்றுக்கு அத்தகைய பேரேடு இருக்கவில்லை. செக்ரோலில் ஒரு பேர் அல்லது அரைப்பேர் மட்டுமே இருந்தது.

6. 2021: விகிதத்தை மறந்த கட்டளை

இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தும் முடிவு 2021 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டு, மே 6ஆம் திகதி வர்த்தமானியில் வெளியாயிற்று. விவசாயிகளின் எதிர்ப்பின் பின் நவம்பரில் அது கைவிடப்பட்டது. 2021இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 251 மில்லியன் கிலோவாக வீழ்ந்தது. அந்நியச் செலாவணி நெருக்கடியும் எரிபொருள் தட்டுப்பாடும் பசளை விலையேற்றமும் இவ்வீழ்ச்சியிற் பங்குகொண்டன. எனினும் பசளையின்மை முதன்மைக் காரணங்களில் ஒன்று என்பதில் ஐயமில்லை.

சேதனப் பசளையை நாம் வெறுக்கவில்லை. மண்ணின் கட்டமைப்புக்கும் ஈரப்பிடிப்புக்கும் அது இன்றியமையாதது. ஆனால் விகிதத்தைக் கேளாத கட்டளை விஞ்ஞானமாகாது. கூட்டெருவில் நைதரசன் நூற்றுக்கு 1.4 பங்கு எனக் கொண்டால், 60 கிலோ யூரியா தரும் 28 கிலோ நைதரசனைப் பெற 2,000 கிலோ கூட்டெரு வேண்டும். டயகமவின் செங்குத்தான மலைகளில் அந்த 2,000 கிலோவைச் சுமந்து ஏறுபவர் யார்? சூழலின் பேரால் எழுந்த அக்கட்டளை, சுமப்பவரின் முதுகைக் கணக்கிற் சேர்க்கவில்லை. 2021 மார்ச்சில்தான் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. கொழுந்து குறைந்தபோது, நிறுவையில் இலக்கை எட்டாதவரின் பேர் அரைப்பேராயிற்று. மண்ணின் குறைபாடு கூலியின் குறைபாடாக மாறியது இவ்வாறே.

7. அறிவின் மொழியும் அறிவின் உரிமையும்

தமிழில் இரசாயனம் எழுதும் முயற்சி இலங்கையில் நெடிய வரலாறு உடையது. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து நூல்களையும் ஆக்குவித்தார். அவரது முயற்சியின் தொடர்ச்சியாக 1875இல் ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூல் வெளிவந்தது. 1950களிலிருந்து அரசகரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகள் வழியாக ஒட்சிசனும் காபனீரொட்சைட்டும் பாடநூற்களிலே நிலைபெற்றன. மூல் விகிதத்தைத் தமிழிலேயே கற்று, தமிழிலேயே பரீட்சை எழுதும் வசதி இவ்வாறு உருவாயிற்று. இது சிறிய சாதனையன்று.

ஆயின் மொழி மட்டும் கதவைத் திறந்துவிடவில்லை. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் எல்லைக்கு வெளியே நின்றன. 1948இல் குடியுரிமையும் அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள், லயனை ஒட்டிய ஒற்றை அறையில், சில வகுப்புகளோடு கல்வியை முடித்தனர். தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தச் சட்டங்களால் அரசுடைமையான பின்னரே, அப்பாடசாலைகளும் அப்பத்தாண்டில் படிப்படியாக அரசின் பொறுப்புக்கு வந்தன. 1992இல் தோட்ட முகாமை மீண்டும் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. உயர்தர விஞ்ஞானப் பிரிவும் ஆய்வுகூடமும் தகைமையுள்ள ஆசிரியரும் மலையகத் தமிழ்ப் பாடசாலைகளுக்கு மிகப் பிந்தியே எட்டின. பலவற்றுக்கு இன்னும் போதிய அளவில் எட்டவில்லை. யாழ்ப்பாணத்தில் 1875இலேயே அச்சேறிய அறிவு, தேயிலை மண்ணில் பசளை இட்டவரின் பிள்ளையை வந்தடைய ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

8. நிறைவாக

இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த விரும்பியது ஒன்றே. மூல் விகிதம் வெறும் பரீட்சைக் கணக்கன்று. எவ்வளவு கொடுக்கப்பட்டது, எவ்வளவு எடுக்கப்பட்டது, எது குறைந்தமையால் தாக்கம் நின்றது என்பவற்றைக் கேட்கும் ஒழுங்கான முறை அது. பாடநூல்கள் அதனைப் பெயரில்லாத குடுவைகளிற் கற்பிக்கின்றன. டயகமவின் மாணவருக்கு அதனை அவர் நிற்கும் மண்ணிலேயே கற்பிக்கலாம். தாயார் எடுத்த 18 கிலோக் கொழுந்தில் எத்தனை மூல் நைதரசன் என்று கணக்கிடத் தெரிந்த பிள்ளை, அடுத்துத் தாயாருடைய சம்பளச் சீட்டையும் அதே கண்கொண்டு பார்க்கும். இருபக்கமும் சமனா என்று கேட்கும் பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால், அது இரசாயன வகுப்போடு நின்றுவிடுவதில்லை.